மலை உச்சிக்கு மளமளவென்று போகிறீர்களா? உடம்புக்கு நாலு நாள் டைம் கொடுங்கள்!

லீவு நெருங்கினாலே வீட்டில் ஒரு பட்டிமன்றம் ஆரம்பமாகிவிடும். ‘‘ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் அலுத்துப் போச்சுப்பா... இந்தத் தடவை லடாக் போகலாம்!’’ என்பான் பையன். ‘‘எனக்கு முக்திநாத் பார்க்கணும். நூத்தியெட்டு திவ்ய தேசத்துல அது ஒண்ணு பாக்கி’’ என்பார் தாத்தா. பக்கத்து வீட்டு மாமி கயிலாய யாத்திரை போய்வந்த போட்டோக்களைக் காட்டி எல்லோருக்கும் ஆசை மூட்டியிருப்பார். கடைசியில் ஏதோ ஒன்று முடிவாகும். டிக்கெட் போட்டாயிற்று, ஸ்வெட்டர் வாங்கியாயிற்று, புளியோதரைப் பொடி அரைத்தாயிற்று. பெட்டியில் எல்லாமே இருக்கும். ஆனால், போகப்போகிற உயரத்தைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள்!

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தொட்டபெட்டா சிகரத்தில் ஏறி நின்றாலும் 2,637 மீட்டர்தான். லே நகரமோ சுமார் 3,500 மீட்டர், அதாவது 11,500 அடி. டெல்லி கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர்தான். அங்கே விடிகாலையில் விமானம் ஏறினால் ஒன்றே கால் மணி நேரத்தில் லேயில் இறக்கி விட்டுவிடுவார்கள். டெல்லியில் ஒரு காபி, அடுத்த காபி பதினோராயிரம் அடிக்கு மேலே! உங்கள் பெட்டி உங்களோடு வந்துவிடும். உங்கள் உடம்பு வந்து சேர இன்னும் மூன்று நாலு நாள் ஆகும். அந்த மூன்று நாலு நாளில் உடம்புக்குள்ளே என்னென்ன நடக்கிறது, எங்கே தப்பாகப் போகக்கூடும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு சின்ன வேடிக்கை. விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். பயணிகளுக்கு அது எட்டாயிரம் அடி மலையில் இருப்பது போலத்தான் இருக்கும். சாதாரணமாக விமானம் இறங்க இறங்க உள்ளே காற்றழுத்தம் கூடும். லேயில் மட்டும் தலைகீழ்! விமான நிலையமே பத்தாயிரம் அடிக்கு மேலே இருப்பதால், கதவைத் திறக்கும்போது உள்ளே இருந்ததைவிடக் குறைந்த அழுத்தத்தில்தான் காலடி எடுத்து வைக்கிறீர்கள்.

பிராணவாயு குறைகிறதா?

‘மேலே போனால் காற்றில் ஆக்ஸிஜன் கம்மி’ என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் சென்னை மெரினாவிலும் சரி, எவரெஸ்ட் உச்சியிலும் சரி, காற்றில் பிராணவாயுவின் பங்கு அதே 21 சதவிகிதம்தான். குறைவது காற்றின் அழுத்தம்.

கல்யாண வீட்டில் மெத்தைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் இருக்கிற மெத்தை மேலே உள்ள பாரத்தில் நன்றாக நசுங்கி இருக்கும். மேலே போகப் போகத் தளர்ந்து, உச்சியில் இருப்பது புஸ்ஸென்று கிடக்கும். காற்றும் அப்படித்தான். கடலோரத்தில் நாம் நசுங்கிய மெத்தையில் வாழ்கிறோம். ஒரு மூச்சுக்குள் நிறையக் காற்று அடங்கும். லேயில் அதே அளவு மூச்சை இழுத்தால் காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. எவரெஸ்ட் உச்சியில் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும்.

இல்லத்தரசிகளுக்கு இதைப் புரிந்துகொள்ள இன்னொரு சுலபமான வழி உண்டு. லேயில் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காமல் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர, சூடு போதாது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகவே வேகாது. கடையில் வாங்கிப் போன சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். அதே காற்றுதான் உங்கள் நுரையீரலுக்குள்ளும் போகிறது.

கழுத்தில் ஒரு காவல்காரன்

தாடைக்குக் கீழே, கழுத்தில் நாடி துடிக்கிற இடத்தில், மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. பக்கத்துக்கு ஒன்றாக அங்கே அரிசி மணி அளவில் ஒரு உறுப்பு இருக்கிறது. ‘கரோடிட் பாடி’ என்பார்கள். ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று ருசி பார்ப்பதுதான் இதற்கு வேலை. இதன் வேலையைக் கண்டுபிடித்துச் சொன்ன பெல்ஜியம் விஞ்ஞானி கார்னீல் ஹேமன்ஸுக்கு 1938-க்கான நோபல் பரிசே கிடைத்தது.

லேயில் விமானத்தை விட்டு இறங்கிய சில நிமிடங்களுக்குள் இந்தக் காவல்காரன் மணி அடித்து விடுகிறான். மூச்சு கொஞ்சம் வேகமாகிறது, கொஞ்சம் ஆழமாகிறது. நமக்கே தெரியாது. இதயமும் துடிப்பைக் கூட்டிக் கொள்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹோட்டல் மாடிப்படி ஏறினால்தான், ‘‘அட, என்ன இது... பத்துப் படிக்கே இப்படி இரைக்குது?’’ என்று தோன்றும்.

வேகமாக மூச்சு விட்டால் பிரச்னை தீர்ந்ததா? அங்கேதான் சிக்கல். வேகமாக மூச்சு விடும்போது பிராணவாயு கூடுதலாக உள்ளே வருகிறது. ஆனால் கரியமில வாயுவும் கூடுதலாக வெளியே போய்விடுகிறது. கரியமில வாயு குறைந்தால் ரத்தம் காரத் தன்மைக்கு மாறும். மூளையில் மூச்சை நடத்தும் பகுதிக்கு இது பிடிக்காது. ‘போதும்பா, மெதுவாக விடு’ என்று பிரேக் போடும். கழுத்துக் காவல்காரன் ‘வேகம்... வேகம்...’ என்கிறான். மூளை ‘நிறுத்து’ என்கிறது. மாமியார் ஒன்று சொல்ல, மருமகள் ஒன்று சொல்ல, நடுவில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி நுரையீரல் திண்டாடுகிறது!

இந்தச் சண்டையைத் தீர்த்து வைப்பது யார் தெரியுமா? சிறுநீரகம்! ரத்தத்தில் சேர்ந்துபோன காரச் சத்தை (பை-கார்பனேட்) அது சிறுநீரில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுகிறது. அதனால்தான் மலைக்குப் போனதும் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது. ‘குளிரினால்தான்’ என்று நினைத்துக் கொள்வோம். குளிரும் ஒரு காரணம்தான். ஆனால் நிறையப் போகிறதென்றால் உடம்பு சரியாக வேலை செய்கிறது என்றே அர்த்தம். ரத்தம் பழைய நிலைக்குத் திரும்பத் திரும்ப மூளை பிரேக்கை விடுகிறது. மூச்சு தாராளமாகிறது. ஆனால் சிறுநீரகம் அவசரப்படாத ஆசாமி. இந்த வேலைக்கு அது எடுத்துக் கொள்வது இரண்டிலிருந்து நாலு நாட்கள். நாலு நாள் டைம் கேட்பது இதற்காகத்தான்.

இதற்கிடையே இன்னொரு சாமர்த்தியமும் நடக்கிறது. ரத்தத்தில் உள்ள நீரின் அளவு முதல் ஓரிரு நாளில் சற்றுக் குறைகிறது. அதனால் அதே சிவப்பணுக்கள் கொஞ்சம் நெருக்கமாகின்றன. ஒரு டம்ளர் ரத்தத்தில் முன்பைவிட அதிகப் பிராணவாயு பயணம் செய்யலாம். புதிய சிவப்பணுக்களைத் தயாரிக்கச் சொல்லும் ‘எரித்ரோபொய்டின்’ என்ற ஹார்மோனும் சில மணி நேரத்திலேயே சிறுநீரகத்திலிருந்து கிளம்பி விடுகிறது. ஆனால் எலும்பு மஜ்ஜை புதிய சிவப்பணுக்களை உருவாக்கி ரத்தத்தில் கணிசமாகச் சேர்க்க வாரக்கணக்காகும். ஆறு நாள் டூர் போகிறவருக்கு அந்தச் சரக்கு வந்து சேருவதற்குள் ஊர் திரும்பிவிடுவார்!

அவசரத்துக்கும் நிதானத்துக்கும் உள்ள வித்தியாசம்

1875 ஏப்ரல் 15-ஆம் தேதி பிரான்ஸ் நாட்டில் மூன்று பேர் ‘ஜெனித்’ என்ற பலூனில் ஏறி வானத்தில் பறந்தார்கள். உயரத்தில் காற்று எப்படி இருக்கிறது என்று ஆராய்வதுதான் நோக்கம். தைரியசாலிகள். கையில் பிராணவாயு அடைத்த பைகளும் இருந்தன. எட்டாயிரம் மீட்டரைத் தாண்டி பலூன் போனது. மூவருக்கும் எந்த வலியும் இல்லை, பயமும் இல்லை. மனசு லேசாக, சந்தோஷமாகக்கூட இருந்ததாம். பிராணவாயுக் குழாயை எடுத்து வாயில் வைக்கலாம் என்று நினைத்தபோது கை தூக்க வரவில்லை! பலூன் தானாகக் கீழே இறங்கியபோது உயிரோடு இருந்தவர் கஸ்தோன் திஸாந்தியே ஒருவர்தான். சிவெல், க்ரோசே ஸ்பினெல்லி என்ற நண்பர்கள் இருவரும் இறந்து போயிருந்தார்கள்.

இதற்கு 103 வருஷம் கழித்து, 1978 மே 8-ஆம் தேதி ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபெலரும் 8,800 மீட்டருக்கு மேலே உள்ள எவரெஸ்ட் உச்சியில் சிலிண்டர் எதுவும் இல்லாமல் நின்றார்கள். பலூன்காரர்கள் போனதைவிட உயரம்! அவர்கள் ஒன்றும் வேறு ஜாதி மனிதர்கள் இல்லை. பலூன்காரர்கள் சில மணி நேரத்தில் போனார்கள். இவர்கள் வாரக்கணக்கில் ஏறி, இறங்கி, தங்கி, மறுபடி ஏறிப் போனார்கள். கடலோரத்தில் இருக்கிற ஒருவரைத் தூக்கி எவரெஸ்ட் உச்சியில் வைத்தால் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும்.

முதல் ராத்திரி

லேயில் இறங்கியதும் வானம் நீலமாக இருக்கும், வெயில் பளீரென்று அடிக்கும், உடம்பில் எந்தக் குறையும் தெரியாது. இதுதான் ஆபத்தான நேரம் என்பேன். ‘‘நமக்கு ஒண்ணுமே பண்ணலியே!’’ என்று கிளம்பி, கடைவீதி, அரண்மனை, சாந்தி ஸ்தூபிப் படிக்கட்டு என்று ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். மலை நோய் விமான வாசலில் காத்திருப்பதில்லை. போய்ச் சேர்ந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலை காட்டும். சாயங்காலம் லேசாகத் தலைவலி. ராத்திரிச் சாப்பாடு பிடிக்காது. குமட்டல். கிறுகிறுப்பு. ஒரு அசதி.

‘‘என்னங்க, ஒரு மாதிரியா இருக்கீங்க?’’

‘‘ஒண்ணுமில்லே... பிளேன் அலுப்பு. தூங்கினா சரியாயிடும்.’’

இந்த ‘ஒண்ணுமில்லே’தான் விஷயமே! பத்துப் பேரோடு டூர் வந்திருக்கிறோம், நம்மால் மற்றவர்கள் புரோகிராம் கெடக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் உயரமான இடத்தில் வரும் தலைவலியை, வேறு காரணம் நிச்சயமாகத் தெரியாத வரை, மலை நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வைத்தியம் ரொம்ப எளிது. அன்றைக்கு அதற்கு மேல் ஏறாதீர்கள். படுத்து ஓய்வெடுங்கள். தலைவலிக்கு ஒரு பாராசிட்டமால் போடலாம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும்.

ராத்திரியில் இன்னொரு வேடிக்கை நடக்கும். பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு நாலைந்து தடவை வேகமாக வரும், பிறகு மெள்ளக் குறைந்து, பத்து விநாடி நின்றே போகும்! மனைவி பதறி எழுந்து உலுக்குவார். அதற்குள் ஒரு பெரிய மூச்சோடு மறுபடி ஆரம்பிக்கும். முதலில் சொன்னேனே, காவல்காரனுக்கும் மூளைக்கும் நடக்கிற சண்டை... தூக்கத்தில் அது இப்படித்தான் வெளியே தெரியும். உயரத்தில் பலருக்கும் வருகிறது. இதனால் ஆபத்தில்லை. ஆனால் தூக்கம் வரவில்லையே என்று தூக்க மாத்திரை போட்டுக்கொள்வதும், ‘குளிருக்கு இதமா’ என்று ஒரு பெக் ஊற்றிக்கொள்வதும் கூடவே கூடாது. இரண்டுமே மூச்சை இன்னும் மந்தமாக்கிவிடும்.

கோவிட் காலத்துக்குப் பிறகு நம் வீடுகளில் தெர்மாமீட்டர் மாதிரி பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் வந்துவிட்டது. அதை மறக்காமல் பெட்டியில் போட்டு எடுத்துப் போகிறார்கள். நல்லதுதான். ஆனால் லேயில் முதல் நாள் அதில் 86, 88 என்று பார்த்துவிட்டு மயக்கம் போட்டு விழாதீர்கள்! சென்னையில் அந்த எண் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். லேயில் முதல் நாள் அது சகஜம். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். கூட வந்தவர்கள் எல்லோருக்கும் 88 இருக்க, ஒருவருக்கு மட்டும் 72 என்று காட்டி, அவர் சோர்ந்தும் கிடந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம்.

இரண்டாம் ராத்திரி...

தலைவலி தொல்லைதான், உயிருக்கு உலை வைப்பது அரிது. உயிரை எடுப்பவை வேறு இரண்டு. ஒன்று நுரையீரலில் நீர் கோர்ப்பது. மற்றொன்று மூளையில் வீக்கம்.

நுரையீரல் விஷயத்தில் உடம்பின் ஒரு நல்ல குணமே எமனாகிறது. சமவெளியில் உங்களுக்கு நுரையீரலின் ஒரு மூலையில் சளி அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். அந்த மூலைக்குப் பிராணவாயு வராது. உடனே அங்கே போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ‘இங்கே வந்து பிரயோஜனமில்லை, வேறு பக்கம் போ’ என்று ரத்தத்தைத் திருப்பிவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் மலை உச்சியில் நுரையீரல் முழுவதுமே பிராணவாயு குறைவு! எல்லா மூலையிலும் குழாய்கள் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. ரத்தம் எங்கே போகும்? தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் உள்ளே அழுத்தம் ஏறுமே, அதுபோல ஏறுகிறது. குழாய்கள் எல்லாம் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. அதிகம் சுருங்காத இடங்களில் மொத்தப் பாரமும் விழுந்து, மெல்லிய சுவர்கள் வழியாக நீர் கசிந்து காற்றறைகளை நிரப்புகிறது.

இது பெரும்பாலும் இரண்டாம் ராத்திரி வாக்கில் தெரியும். முதலில் வறட்டு இருமல். மற்றவர்கள் நடக்கிற வேகத்துக்கு நடக்க முடியாது. பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். படுத்தால் இன்னும் மோசம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். முற்றினால் மார்பில் களகளவென்று சத்தம், இளஞ்சிவப்பில் நுரையாகச் சளி. கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

இந்த நோய் உலகத்துக்குப் புரிந்ததில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆரோக்கியமான ஒரு வாலிபருக்கு மலையில் இப்படி நுரையீரலில் நீர் கோர்த்ததை அமெரிக்க டாக்டர் சார்லஸ் ஹூஸ்டன் 1960-ல் எழுதினார். அதற்கு முன்பெல்லாம் ‘குளிரில் வந்த நிமோனியா’ என்றே பலரும் நினைத்தார்கள். அப்புறம் வந்தது 1962 சீன யுத்தம். சமவெளியிலிருந்த நம் ஜவான்களை அவசர அவசரமாக விமானத்தில் ஏற்றி லடாக் உயரங்களில் இறக்க வேண்டியதாயிற்று. எதிரியின் குண்டு படாமலே பல பேர் மூச்சுத் திணறி விழுந்தார்கள். ராணுவ டாக்டர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் அந்த நோயாளிகளை ஒவ்வொருவராகக் கவனித்து எழுதிய கட்டுரைகள், உலக மருத்துவ இதழ்களில் 1965-லும் 1969-லும் வந்தன. 1969 கட்டுரையில் மட்டும் 1,925 வீரர்களின் விவரம் இருக்கிறது. அவர்களெல்லாம் திடகாத்திரமான இளைஞர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். ‘நான் தினம் ஜிம்முக்குப் போறேன், எனக்கு வராது’ என்று மலையிடம் சொல்ல முடியாது. சொல்லப்போனால் பலசாலிதான் முதல் நாளே ஓடியாடி மாட்டிக் கொள்கிறார். மூட்டுவலிக்காரத் தாத்தா மெதுவாக நடந்து தப்பிவிடுகிறார்.

இன்றைக்கு நம் ராணுவத்தில் இதற்குக் கண்டிப்பான கணக்கு வைத்திருக்கிறார்கள். 9,000 முதல் 12,000 அடி வரை உள்ள இடத்துக்குப் போனால் ஆறு நாள் பழகல், அதில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. 12,000 அடிக்கு மேல் போக இன்னும் நாலு நாள். 15,000 அடிக்கு மேல் என்றால் அதற்கு மேலும் நாலு நாள். நம் டூர் பேக்கேஜ்களைப் பாருங்கள். மொத்தமே ஐந்து ராத்திரி!

அடிப்பிரதட்சணப் பரீட்சை

மூளை வீக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். கோயிலில் அடிப்பிரதட்சணம் செய்வோமே, ஒரு காலின் கட்டைவிரலை ஒட்டி அடுத்த காலின் குதிகாலை வைத்து... அப்படி ஒரு நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடாமல் நடந்தால் சரி. தடுமாறினால், பக்கத்தில் சாய்ந்தால், குடித்தவர் மாதிரி நடந்தால், கூடவே பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தால், எழுப்பினால் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால்... அது வெறும் தலைவலி இல்லை. ‘காலையில் பார்க்கலாம்’ என்று விடக்கூடாது. ஒருவேளை காலையில் எழுந்திருக்கவே மாட்டார்.

இரண்டு நோய்க்கும் முதல் மருந்து ஒன்றுதான்: கீழே இறங்குவது. ஐநூறு, ஆயிரம் மீட்டர் இறங்கினாலே பலருக்கு மாயம் மாதிரி சரியாகும். பிராணவாயு கொடுக்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபின் போன்ற மருந்துகளை டாக்டர்தான் தர வேண்டும். மலையேறும் குழுவினர் ஒரு பெரிய பை வைத்திருப்பார்கள். நோயாளியை உள்ளே படுக்கவைத்து ஜிப்பை மூடி, காலால் பம்ப் அடித்துக் காற்றழுத்தத்தை ஏற்றுவார்கள். இருந்த இடத்திலேயே ஆயிரம், ஆயிரத்தைந்நூறு மீட்டர் இறங்கின மாதிரி!

லடாக்கில் இந்த ‘இறங்குவது’ என்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சினிமாவில் பார்த்து எல்லோரும் ஆசைப்படும் பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே ராத்திரி கூடாரத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் லேக்குத்தானே இறங்க வேண்டும்? வழக்கமான பாதையில் அதற்கு முதலில் 5,300 மீட்டருக்கு மேலுள்ள சாங் லா கணவாய்க்கு ஏறித்தான் இறங்க வேண்டும்! நுப்ராவிலிருந்து திரும்பவும் அதே கதை, அங்கே கார்துங் லா. அதனால் லேயிலேயே உடம்பு பழகியிருக்கிறது என்று உறுதியான பிறகுதான் அந்தப் பக்கம் கிளம்பலாம். லேயில் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை இருக்கிறது, மலை நோய் பார்த்துப் பழகிய டாக்டர்கள் இருக்கிறார்கள். பிரச்னை வருவதென்றால் அங்கே வரட்டும்.

டிக்கெட் போடும் முன்...

டூர்காரரிடம் ஹோட்டல் எத்தனை ஸ்டார், பஃபே உண்டா என்றெல்லாம் கேட்கிறீர்கள். முதலில் கேட்க வேண்டியது, ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை மீட்டர் உயரத்தில் படுக்கிறோம் என்பதை. பகலில் ஒரு கணவாய்க்கு ஏறி, கால் மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு இறங்குவது வேறு, அங்கேயே தூங்குவது வேறு. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கிற இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் கூடுதலாக ஒரு ராத்திரி தங்க வேண்டும். இதுதான் மலையேறுபவர்கள் பின்பற்றும் கணக்கு.

லேக்குப் பறந்து போகிறவர்கள் இந்தக் கணக்கை முதல் நாளே உடைத்துவிடுகிறார்கள். பரிகாரமாக லேயில் குறைந்தது 48 மணி நேரம் சும்மா இருங்கள். முடிந்தால் மூன்று ராத்திரி. அடுத்து நுப்ரா போகலாம். அது சுமார் 3,100 மீட்டர்தான், லேயைவிடத் தாழ்வு. நன்றாகத் தூக்கம் வரும். பாங்காங்கைக் கடைசியில் வையுங்கள். நேரம் இருப்பவர்களுக்கு என் சிபாரிசு, ஸ்ரீநகரிலிருந்து சாலை வழி. ஸ்ரீநகர் 1,585 மீட்டர். வழியில் கார்கிலில் ஒரு ராத்திரி, அது 2,676 மீட்டர். அழகாகப் படிப்படியாக ஏறலாம். மணாலி வழி கண்ணுக்கு விருந்து. ஆனால் இடையில் 4,200 மீட்டருக்கு மேலுள்ள சர்ச்சுவில் தூங்க வைப்பார்கள். பலர் அவதிப்படுவது அங்கேதான்.

கயிலாய யாத்திரையில் நிலைமை இன்னும் கடுமை. மானசரோவர் 4,590 மீட்டர், பரிக்கிரமாவில் வரும் டோல்மா லா 5,630 மீட்டர். போகிறவர்களில் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களே அதிகம். ‘‘இவ்வளவு தூரம் வந்துட்டு சுத்தாமப் போறதா? அவன் பார்த்துப்பான்’’ என்று நோயை மறைத்துக்கொண்டு நடப்பார்கள். இந்த இடத்தில் கூட இருப்பவர்கள்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும். மானசரோவரிலிருந்தே கயிலாயத்தைக் கண்ணாரத் தரிசிக்கலாம். முக்திநாத்துக்குப் போகிறவர்கள், 3,700 மீட்டருக்கு மேல் என்பதை நினைவில் வைத்து, வழியில் ஜோம்சோமில் ஒரு ராத்திரி தங்கிப் போவது உத்தமம்.

மருந்து உண்டா என்றால், உண்டு. அசிட்டஸோலமைடு, ‘டயமாக்ஸ்’ என்றால் பலருக்குத் தெரியும். இது செய்யும் வேலை நாம் முன்பு பார்த்ததுதான். சிறுநீரகம் நாலு நாளில் செய்வதை முதல் நாளே தொடங்கி வைக்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மில்லிகிராம் வீதம் காலை, மாலை. ஏறுவதற்கு முந்தின நாளே ஆரம்பிக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் குறுகுறுக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் சல்ஃபா மருந்து அலர்ஜி உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு உங்கள் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இன்னொன்று, மாத்திரை போட்டுவிட்டோம் என்று ஓய்வை வெட்டக் கூடாது.

கற்பூரம்? யாத்திரை போகிறவர்கள் எல்லோரும் கைக்குட்டையில் முடிந்து முகர்ந்துகொண்டே போகிறார்கள். மூக்கில் ஜிலுஜிலுவென்று இருக்கும், மூச்சு திறந்த மாதிரி தோன்றும். ரத்தத்தில் பிராணவாயு துளிகூடக் கூடாது. குழந்தைகள் எடுத்து வாயில் போட்டுவிட்டால் வலிப்பே வந்துவிடும், ஜாக்கிரதை. நேபாளப் பக்கம் பூண்டு சூப் கொடுப்பார்கள். குளிருக்கு சுகமான சூப், அவ்வளவுதான். கடைகளில் விற்கும் சின்ன ஆக்ஸிஜன் டப்பா சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். தெம்பு வந்தது என்று அதை நம்பி மேலே ஏறுவது முட்டாள்தனம். தண்ணீர் தாகத்துக்குச் சற்று அதிகமாகக் குடித்தால் போதும். நாலு லிட்டர், ஐந்து லிட்டர் என்று கட்டாயப்படுத்திக் குடிப்பதால் ரத்தத்தில் உப்பு குறைந்து வேறு வம்பு வரும்.

பி.பி. கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போகலாம். முதல் சில நாள் பி.பி. கொஞ்சம் ஏறும். மாத்திரையை நிறுத்தக்கூடாது. சமீபத்தில் ஹார்ட் அட்டாக் வந்தவர்கள், நடந்தால் நெஞ்சு வலிப்பவர்கள், நுரையீரல் நோய் முற்றியவர்கள், கர்ப்பிணிகள் இந்தப் பயணத்தை ஒத்திப்போடுவது நல்லது. நம் வீட்டுப் பெண்களில் பலருக்கு ரத்தசோகை இருக்கிறது. பிராணவாயுவைச் சுமக்கும் லாரிகளே குறைவாக இருக்கும்போது மலையில் சிரமம் அதிகமாகும். இரண்டு மாதம் முன்பே ஹீமோகுளோபின் பார்த்து, குறைவென்றால் இரும்புச் சத்து மாத்திரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். சர்க்கரைக்காரர்கள் இன்சுலினைப் பெட்டியில் வைக்காமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், உறைந்தால் அது வீண். பேச்சு வராத கைக்குழந்தைக்குத் தலை வலிப்பதை நாம் எப்படி அறிவது? விடாமல் அழுகிறது, பால் குடிக்கவில்லை, விளையாடவில்லை என்றால் மலை நோயாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

‘அப்போ அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் எப்படி ஓடுகிறார்கள்?’ என்று கேட்பீர்கள். திபெத்தியர்களின் ரத்தத்தில் நாம் எதிர்பார்ப்பதுபோல சிவப்பணுக்கள் ஏராளமாக இருப்பதில்லை. ஏறக்குறைய நம்மைப் போலத்தான்! சிவப்பணு மிதமிஞ்சினால் ரத்தம் குழம்பு மாதிரி கெட்டியாகிவிடும், இதயத்துக்குப் பாரம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகளில் சிலருக்கு இந்தத் தொல்லை வருகிறது. திபெத்தியர்களிடம் அதைத் தடுக்கும் ஒரு மரபணு மாற்றம் இருப்பதை 2010-ல் கண்டுபிடித்தார்கள். அழிந்துபோன டெனிசோவன் என்ற ஆதி மனித இனத்திடமிருந்து அது வந்தது என்று 2014-ல் தெரிந்தது. ஆயிரக்கணக்கான வருஷத்துச் சொத்து அது. ஆறு நாள் டூரில் நமக்குக் கிடைக்காது.

ஊருக்குத் திரும்பி வந்ததும் உடம்பு எல்லா ஏற்பாட்டையும் மெள்ளக் கலைத்துவிடும். மூச்சும் சிறுநீரகமும் சில நாளில் பழைய கணக்குக்கு வந்துவிடும். சேர்ந்த கூடுதல் சிவப்பணுக்கள் சில வாரங்களில் குறையும். அடுத்த வருஷம் அதே லேக்குப் போனாலும் ஆரம்பத்திலிருந்துதான் பழக வேண்டும். மலையிலேயே வசிப்பவர்கள்கூடச் சமவெளியில் சில வாரம் தங்கிவிட்டு விமானத்தில் திரும்பும்போது நுரையீரலில் நீர் கோர்த்துப் படுத்துவிடுவதுண்டு. குறிப்பாகக் குழந்தைகள். லீவு முடிந்து திரும்பும் ராணுவ வீரருக்கும் அதனால்தான் உடனே வேலை கொடுக்காமல் மறுபடி பழகல் நாட்கள் ஒதுக்குகிறார்கள்.